கொடுத்த வாக்கும் கொடுக்கும் வழியும்

இன்சூரன்ஸ் பாலிசி எடுப்பவர் இன்றைக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, என்றைக்கோ நேரக்கூடிய ஓர் இடருக்கான வாக்கைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்த இடர் நாளையே வரலாம், முப்பது ஆண்டு கழித்து வரலாம், வராமலே போகலாம். ஆயுள் காப்பீடாக இருந்தால், வாக்கு நிறைவேறியதா என்பதைப் பணம் கட்டியவர் பார்க்கப்போவதே இல்லை. நாமினியாக எழுதப்பட்ட மனைவியோ மகளோதான் பார்க்கப்போகிறார்கள். இவ்வளவு தூரம் நம்பிக்கையின் மேல் நிற்கிற வாணிகம் வேறு அதிகம் இல்லை. ஆகவே இந்தத் துறையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாக்கு என்பது எதையெல்லாம் உள்ளடக்கியது என்ற பழைய அறக்கேள்வி வந்து நிற்கிறது. வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற நேர்மையான எண்ணம் இருந்தால் போதுமா? எண்ணத்தோடு கருவூலத்தில் பணமும் இருந்தால் போதுமா? அல்லது, கேட்கப்படும் நாளில் அதை நிறைவேற்றும் வல்லமையைக் கெடாமல் வைத்திருப்பதும் அந்த வாக்குக்குள்ளேயே அடங்குமா? மூன்றாவதுதான் சரி என்பது என் கருத்து. சர்வர் முடங்கினாலும், கட்டடம் நீரில் மூழ்கினாலும், ஊழியர்கள் வந்து சேர முடியாமல் போனாலும் பாலிசிதாரருக்கான அடிப்படைச் சேவை நிற்கக்கூடாது என்று ஒழுங்காற்று அமைப்புகள் ‘செயல்பாட்டு மீள்திறன்’ என்ற பெயரில் சில ஆண்டுகளாக வற்புறுத்திவருகின்றன. அதைக் கணினிப் பிரிவின் வேலையாக மட்டும் பார்ப்பது போதாது. வாய்மை என்று நாம் சொல்வதில் அதுவும் ஒரு பகுதி.

பணம் இருந்தால் வாக்கு பிழைத்துவிடும் என்ற எண்ணம் எவ்வளவு வலுவற்றது என்பதை 2024-ல் அமெரிக்கா கண்டது. அந்நாட்டின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டுக் குழுமம் யுனைடெட்ஹெல்த். அதற்கு முந்தைய ஆண்டில் அதன் வருவாய் 37,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதன் துணை நிறுவனமான சேஞ்ச் ஹெல்த்கேர் மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் நடுவில் நின்று, ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி பரிவர்த்தனைகளைக் கடத்திவிடும் வாய்க்கால். அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று திருடப்பட்ட கடவுச்சொல் ஒன்றைக் கொண்டு ஊடுருவல்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். வெளியிலிருந்து உள்நுழைவதற்கான அந்த ஒரு வாயிலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியே பின்னர் நாடாளுமன்றக் குழு முன் இதைச் சொன்னார். பிப்ரவரி 21 அன்று தரவுகள் பூட்டப்பட்டன. 2.2 கோடி டாலர் பிணைப்பணம் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பல வாரங்கள் சேவை முழுமையாகத் திரும்பவில்லை. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை இறுதியில் 19 கோடியைத் தாண்டியது. இதில் யுனைடெட்ஹெல்த் திவாலாகவில்லை, எவரும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கொடுக்க மனமும் இருந்தது, பொருளும் இருந்தது. கொடுக்கும் வழி அடைபட்டுப் போயிருந்தது.

‘சரி, தாமதம்தானே, பணம் கடைசியில் வந்து சேர்ந்ததல்லவா’ என்று ஒருவர் கேட்கலாம். அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் அந்த மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 1,000 மருத்துவமனைகளிடம் விசாரித்தது. 94 விழுக்காடு மருத்துவமனைகள் நிதி நெருக்கடியைச் சொன்னது எதிர்பார்க்கக்கூடியதே. 74 விழுக்காடு, நோயாளிகளுக்கான சிகிச்சையே நேரடியாகப் பாதிக்கப்பட்டது என்று சொன்னதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். காப்பீட்டில் காலம் என்பது வாக்கின் உட்பொருள். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்காற்று மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை, கேஷ்லெஸ் சிகிச்சைக்கான அனுமதியை 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொல்லும் கவுன்ட்டரில் நிற்கும் மகனுக்கு, ஆறு வாரம் கழித்து வரும் அதே தொகை அதே தொகையாக இருக்காது. அதற்குள் அவர் நகையை அடகு வைத்திருப்பார், வட்டிக்கு வாங்கியிருப்பார், அல்லது சிகிச்சையைத் தள்ளிப் போட்டிருப்பார். அந்த நிலைக்கு ஆளாகாமல் இருக்கத்தான் அவர் குடும்பம் இத்தனை ஆண்டு பிரீமியம் கட்டியது. நேரம் தவறிய வாக்கு, பல வேளைகளில், பொய்த்த வாக்கேதான்.

வாக்கு கேட்கப்படும் நாளுக்கு ஒரு தனித் தன்மை உண்டு. கடன் வாங்கியவர் தவணையைத் திருப்பித் தர வேண்டிய நாள் பெரும்பாலும் மற்ற நாள்களைப் போன்ற ஒரு நாள். காப்பீட்டாளர் தர வேண்டிய நாளோ ஊரே கவிழ்ந்து கிடக்கும் நாளாக இருக்கக்கூடும். கொடுக்க வேண்டியவரும் அதே வெள்ளத்தில், அதே தீயில் நிற்பார். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அழித்தபோது, அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த ஃபயர்மேன்ஸ் ஃபண்ட் நிறுவனத்தின் தலைமையகமும் அதன் பதிவேடுகளும் எரிந்து போயின. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சொல்லும் காகிதமே இல்லை. இருந்த சொத்தைவிடக் கடப்பாடு அதிகம். பாலிசிதாரர்களுக்கு ஒரு பகுதியை ரொக்கமாகவும் மறுபகுதியைப் புதிதாக அமைக்கப்பட்ட நிறுவனத்தின் பங்குகளாகவும் கொடுத்துத்தான் அது எழுந்து நின்றது. அதே பேரழிவில் லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையைச் சேர்ந்த கத்பெர்ட் ஹீத், பாலிசியின் வாசகங்களைப் பார்க்காமல் எல்லோருக்கும் முழுத்தொகையையும் கொடுக்குமாறு தம் முகவருக்குத் தந்தி அனுப்பினார். ஹீத்தின் பெருந்தன்மை இன்றும் போற்றப்படுகிறது, அதற்கு அது தகுதியானதே. ஆனால் அவர் ஐயாயிரம் மைல்களுக்கு அப்பால், எரியாத நகரத்தில், எரியாத கணக்குப் புத்தகங்களுடன் உட்கார்ந்திருந்தார் என்பதையும் நினைக்க வேண்டும். நல்ல மனம் செயலாக மாறுவதற்கு அது நிற்கும் இடம் தப்பியிருக்க வேண்டும்.

சென்னைக்கு இது அந்நியமான செய்தி இல்லை. யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த், ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்எஸ் என்று பல காப்பீட்டு நிறுவனங்களின் தலைமையகங்கள் இந்த ஒரே நகரத்தில் இருக்கின்றன. போதாததற்கு, லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள காப்பீட்டு நிறுவனங்களின் கிளைம் கோப்புகளைப் பார்க்கும் பின்னணி அலுவலகங்களும் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ளன. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் இந்நகரம் மூழ்கியது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. டிசம்பர் 2 அன்று ‘தி ஹிண்டு’ நாளிதழின் சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. ஊழியர்களால் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்பதே காரணம். இயந்திரம் நன்றாக இருந்தும் ஆள் இல்லாவிட்டால் செயல் இல்லை. மேற்கு மாம்பலத்தில் காரையும் வீட்டுப் பொருள்களையும் பறிகொடுத்தவர் கிளைமுக்காகத் தேடும் சர்வேயர், முடிச்சூரில் தன் சொந்த வீட்டின் மாடியில் சிக்கிக்கொண்டிருக்கக்கூடும். இந்த ஒத்த விதியை முன்கூட்டி எண்ணிப் பார்க்காமல், மழை இல்லாத நாளின் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொண்டு கொடுக்கப்படும் வாக்கில் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறை வெள்ளத்தன்று தோன்றுவதில்லை. கையெழுத்திட்ட அன்றே இருக்கிறது.

இஸ்லாமியச் சட்ட மரபு இந்தக் குறைக்கு மிகத் தெளிவான இடம் கொடுத்திருக்கிறது. காப்பீட்டை இஸ்லாம் ஏற்கிறதா என்ற விவாதத்தில் ‘கரர்’ எனப்படும் நிச்சயமின்மைதான் முதன்மையான தடை. ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமியச் சட்டவியல் அகாடமி 1985-ல் வணிகக் காப்பீட்டைப் பெரும் கரர் கலந்தது என்று விலக்கி, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது; தகாஃபுல் அமைப்புகள் அந்த வழியில் வளர்ந்தவை. இந்த விவாதத்தில் பொதுவாக, விபத்து நடக்குமா நடக்காதா என்ற நிச்சயமின்மையே பேசப்படுகிறது. சட்ட அறிஞர்கள் கரருக்குச் சொல்லிவந்த பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: நீரில் இருக்கும் மீனை விற்பது, வானில் பறக்கும் பறவையை விற்பது, ஓடிப்போன ஒட்டகத்தை விற்பது. பொருள் இருக்கிறது, விலையும் தெரியும், விற்பவருக்கு எண்ணமும் உண்டு. ஒப்படைக்கும் ஆற்றல் மட்டும் இல்லை. அதனாலேயே அந்த விற்பனை செல்லாது. விற்பவர் நல்லவர் என்பது இந்தக் குறையை ஈடுசெய்வதில்லை. இந்த அளவுகோலை இன்றைய நிறுவனத்தின் மேல் வைத்தால், மாற்றுச் சர்வர் இல்லாமல், பயிற்சி பெற்ற மாற்று ஆள் இல்லாமல், கோப்புகளின் நகல் இல்லாமல் பாலிசி விற்பவர், தம் கையில் இல்லாத ஒன்றைத்தான் விற்கிறார். தகாஃபுல் நிறுவனங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே பலவற்றில் நிறுவனம் பங்கேற்பாளர்களின் நிதியைக் கையாளும் வக்கீல், அதாவது அமானிதத்தை, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை, சுமக்கும் முகவர்.

இங்கே மதம் சார்ந்த முதல் மறுப்பு எழும். எல்லாவற்றையும் மனிதனால் காத்துவிட முடியுமா? விதி என்று ஒன்று உண்டு. எல்லா இடருக்கும் அணை கட்ட நினைப்பதே தெய்வத்தின் மேல் நம்பிக்கை இல்லாததன் அடையாளம் என்று சொல்பவர்கள் எல்லாச் சமயங்களிலும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் வணிகக் காப்பீட்டைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். சமூகமே ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்பது அவர்கள் நெறி. அந்த நெறியை நான் மதிக்கிறேன். கொட்டகை எரிந்தால் மறு வாரம் ஊரே கூடிக் கட்டிக் கொடுக்கும் அவர்களிடம் தளராத மீள்திறன் இருக்கிறது. அதேபோல 1744-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர்களான ராபர்ட் வாலஸும் அலெக்சாண்டர் வெப்ஸ்டரும், இறந்துபோகும் போதகர்களின் மனைவி மக்களுக்காக ஒரு நிதியை அமைத்தபோது, ஆண்டுக்கு எத்தனை போதகர்கள் இறப்பார்கள், எத்தனை விதவைகள் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். காலின் மெக்லாரின் என்ற கணித அறிஞர் அதைச் சரிபார்த்தார். கடவுளின் கருணையைப் பிரசங்கித்தவர்களுக்கு அந்தக் கணக்கு அவநம்பிக்கையாகத் தோன்றவில்லை. திர்மிதியின் தொகுப்பில் வரும் நபிமொழி, ஒட்டகத்தைக் கட்டிவைத்த பிறகே இறைவனிடம் பொறுப்பை விடச் சொல்கிறது. திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம் இருப்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதே நூலில் ஆள்வினையுடைமை என்ற அதிகாரமும் இருக்கிறது. சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறங்காட்டச் செய்வார் என்ற அளவுக்கு அது போகிறது. அரண் என்ற அதிகாரமோ, மதிலின் உயரத்தையும் உள்ளிருக்கும் பொருளையும் சொல்லிக்கொண்டே வந்து, செயலாற்றும் திறம் இல்லாதவர் கையில் எவ்வளவு மாட்சிமைப்பட்ட கோட்டையும் கோட்டையாகாது என்று முடிகிறது. மூலதன இருப்பு எத்தனை கோடி என்று மட்டும் பார்க்கும் நிர்வாகக் குழுக்கள் படிக்க வேண்டிய அதிகாரம் அது.

விதி பற்றிய மறுப்புக்கு இன்னும் நுணுக்கமான விடை பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது அது: அதிஷ்டானம் என்னும் இருப்பிடம், கர்த்தா, கரணங்கள் என்னும் கருவிகள், பலவகையான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். உரையாசிரியர்கள் இவற்றைத் தனிமனிதனின் உடல், புலன்கள் என்று விளக்குவார்கள். ஒரு நிறுவனத்துக்கு விரித்துப் பார்ப்பது என் துணிபு. ஆனால் பொருத்தம் வியக்க வைக்கிறது. பிரிட்டனின் நிதித்துறை ஒழுங்காற்று அமைப்புகள் 2021-ல் வகுத்த கொள்கை, ஒவ்வொரு முக்கியச் சேவைக்கும் பின்னால் உள்ள ஆட்கள், நடைமுறைகள், தொழில்நுட்பம், கட்டட வசதிகள், தகவல் ஆகியவற்றை வரைந்து காட்டச் சொல்கிறது. கீதையின் முதல் நான்கும் இவைதாம். தெய்வம் கீதையின் பட்டியலில் இல்லாமல் இல்லை. எந்த நிறுவனமும் எல்லாம் தன் கைக்குள் இருப்பதாக இறுமாந்துகொள்ள முடியாது. ஆனால் அது ஐந்தில் ஒன்று, அதுவும் கடைசியில் எண்ணப்படுவது. முதல் நான்கையும் சோதித்துப் பார்க்காமல் ஐந்தாவதன் மேல் பழிபோடுவதற்கு வழி இல்லை. அதே அத்தியாயம், தானே தனி ஒருவனாகச் செய்கிறேன் என்று நினைப்பவன் சரியாகப் பார்ப்பதில்லை என்றும் சொல்கிறது. இதை மறுபக்கமாகவும் படிக்கலாம். தரவு திருட்டுப் போன பிறகு, தவறான மின்னஞ்சலைத் திறந்த ஒரு கடைநிலை ஊழியரைப் பணிநீக்கம் செய்துவிட்டுக் கோப்பை மூடும் வழக்கம் கர்த்தா ஒருவரையே ஐந்து காரணமாகவும் ஆக்குகிறது. அது அநியாயம்; அடுத்த விபத்தைத் தடுக்கவும் அது உதவாது.

அடுத்த மறுப்பு தத்துவ உலகிலிருந்து வருவது. செய்யக் கடமைப்பட்டவர் என்றால் செய்ய இயன்றவராகவும் இருக்க வேண்டும். இயலாததைச் செய்யாததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கான்ட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த நெறி பொதுவாகச் சரியானது. வெள்ளத்தில் பாலம் உடைந்ததால் திருமணத்துக்கு வர முடியாத நண்பர் வாக்குத் தவறியவர் ஆகமாட்டார். காப்பீட்டாளருக்கு இந்தச் சலுகை கிடைக்குமா? எதிர்பாராதது நேரும் என்பதை அடித்தளமாகக் கொண்டே அவர் தொழில் நடத்துகிறார். எந்த வீடு எரியும் என்று தெரியாது, ஆனால் பத்தாயிரம் வீடுகளில் சில எரியும் என்று தெரியும் என்பது அவருடைய ஞானம். அந்த ஞானத்துக்குத்தான் நாம் பிரீமியம் கட்டுகிறோம். பிறருடைய வீடுகளைப் பற்றி அப்படி எண்ணத் தெரிந்தவர், தம் அலுவலகத்தைப் பற்றி மட்டும் ‘இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை’ என்று சொன்னால் அதை ஏற்க முடியாது. எந்த நாளில் சர்வர் விழும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். என்றாவது விழும் என்பது அவருக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். இயலாமை அவர் மேல் வந்து விழுந்ததல்ல, பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக அவரே அனுமதித்தது என்றால், அந்த இயலாமை அவரை விடுவிக்காது.

இதே வாதம் பொறுப்பை வெளியே ஒப்படைத்துவிடும் வழக்கத்துக்கும் பொருந்தும். இன்று கிளைம் பரிசீலனை டிபிஏ எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகி ஒருவரிடம், கால் சென்டர் வேறொருவரிடம், தரவு மூன்றாமவரின் கிளவுடில் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான ஒரே ஒரு மென்பொருள் புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்க வைத்தது. அதில் எதிரி என்று யாரும் இல்லை. எண்ணற்ற நிறுவனங்கள் ஒரே தூணில் சாய்ந்திருந்தன, அவ்வளவுதான். வேலையைக் கைமாற்றலாம்; கொடுத்த சொல்லைக் கைமாற்ற முடியாது. பாலிசிதாரர் அந்த மூன்றாமவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்துள்ள டிஜிட்டல் மீள்திறன் சட்டம், தொழில்நுட்பச் சேவையை வெளியாரிடம் வாங்கினாலும் பொறுப்பு நிதி நிறுவனத்திடமே இருக்கும் என்று தெளிவாகவே சொல்கிறது. அறநெறி இதை முன்னமே அறிந்திருந்தது, சட்டம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

காப்பீட்டுச் சட்டத்துக்குள்ளேயே இந்தக் கடமையின் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம். 1766-ல் லண்டனில் நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு தீர்த்துவைத்த கார்ட்டர் - போம் வழக்கு, காப்பீட்டில் முழு நேர்மைக் கொள்கையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. சுமத்திரா தீவில் இருந்த மார்ல்பரோ கோட்டை எதிரியிடம் விழுந்தால் ஈடு தர வேண்டும் என்று எடுக்கப்பட்ட பாலிசி அது. கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. கோட்டையின் பலவீனத்தை எங்களிடம் சொல்லவில்லை என்று காப்பீட்டாளர் வாதிட்டார். மேன்ஸ்ஃபீல்டு ஏற்கவில்லை. நேர்மை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த இருதரப்புத் தன்மை நடைமுறையில் மறைந்துவிட்டது. பாலிசி எடுப்பவர் தம் சர்க்கரை அளவை, தந்தையின் மாரடைப்பை, பத்தாண்டுக்கு முந்தைய அறுவை சிகிச்சையை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். மறைத்தால் கிளைம் மறுக்கப்படலாம். தம் கோட்டையின் எந்த மதில் விரிசல் விட்டிருக்கிறது என்று காப்பீட்டாளர் அவரிடம் சொல்வதில்லை. 2024 செப்டம்பரில் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவ விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வெளிவந்தது. தன்னிடம் 3 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் இருப்பதாகத் திருடியவர் சொல்லிக்கொண்டார். நேர்மையின் பெயரால் கேட்டு வாங்கிய உடல்நல ரகசியங்கள் அவை. கேட்டு வாங்கும் உரிமை எங்கிருந்து வந்ததோ, காக்கும் கடமையும் அங்கிருந்துதான் வருகிறது.

மீள்திறன் என்றதும் கணினிகளை மட்டும் நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மை ஏமாற்றக்கூடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல உடல்கள் அடையாளம் காணப்படாமல் மொத்தமாகப் புதைக்கப்பட்டன, பல கிடைக்கவே இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டுகள் வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் விதி. விதியின் எழுத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், அக்கரைப்பேட்டையில் கடலுக்குக் கணவனைப் பறிகொடுத்த பெண் 2011-ன் இறுதி வரை காத்திருக்க வேண்டும். பாலிசிப் பத்திரமோ குடிசையோடு கடலுக்குள். எல்ஐசி உள்ளிட்ட நிறுவனங்கள் அப்போது வழக்கமான ஆவணக் கட்டாயங்களைத் தளர்த்தின. அந்த முடிவைச் சரியான நேரத்தில் எடுக்கும் துணிவும் அதிகாரமும் ஒரு நிறுவனத்துக்குள் இருப்பதுதான் மீள்திறனின் மிக உயர்ந்த வடிவம் என்று நான் நினைக்கிறேன். நடைமுறை என்பது வாக்கை நிறைவேற்றுவதற்கான பாதை. பாதை அடித்துச் செல்லப்பட்டபோது, பாதை வழியாகத்தான் வர வேண்டும் என்று மறுகரையில் நிற்பவரிடம் சொல்வது வாக்கைக் கைவிடுவதற்குச் சமம்.

ஆகவே யாருக்கான மீள்திறன் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஒரு நிறுவனம் தன் பெயரையும் பங்கு விலையையும் காத்துக்கொள்வதில் மிக வலுவாக இருந்துகொண்டே வாக்கில் நொய்ந்து போயிருக்கலாம். முடக்கத்துக்குப் பிறகு எந்தக் கவுன்ட்டர் முதலில் திறக்கிறது என்பதே நேர்மையான சோதனை. பிரீமியம் கட்டும் இணையதளம் மறுநாள் காலையில் ஓடத் தொடங்கி, கிளைம் பதியும் பக்கம் பத்து நாள் கழித்து வந்தால், அந்நிறுவனம் தன் கடமைகளை எந்த வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். இந்த வரிசையை நெருக்கடியின் நடுவில் யாரும் தீர்மானிப்பதில்லை. முன்பே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர்கள் அமைதியான ஓர் அறையில் உட்கார்ந்து தங்கள் மனசாட்சியைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கடைசி மறுப்புதான் எனக்கு மிகக் கடினமானது. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் ஆகும் செலவு யாருடைய பணம்? பாலிசிதாரர்களின் பணம்தான். இரட்டைத் தரவு மையம், மாற்று அலுவலகம், இடைவிடாத ஒத்திகை என்று செலவு ஏற ஏறப் பிரீமியமும் ஏறும்; ஏறினால் ஏழைகள் வெளியே தள்ளப்படுவார்கள். எந்த வெள்ளத்திலும் முடங்காத நிறுவனம், எளியவர் நுழைய முடியாத நிறுவனமாகிவிட்டால் அது அறமாகுமா? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. எல்லையற்ற பாதுகாப்பைக் கோருவது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடக்கத்தின் செலவும் எங்கோ போய் விழத்தானே செய்கிறது? சேமிப்பு உள்ளவர் ஆறு வாரத் தாமதத்தைத் தாங்கிக்கொள்வார். தினக்கூலியில் குடும்பம் நடத்துபவர் முதல் வாரத்திலேயே கந்துவட்டிக்காரரிடம் போவார். நிறுவனம் மிச்சப்படுத்திய செலவை அவர் வட்டியாகக் கட்டுகிறார். மேலும், பெரும் சேதங்கள் எப்போதும் பெரும் செலவால் மட்டுமே தவிர்க்கப்படுபவை அல்ல. சேஞ்ச் ஹெல்த்கேரின் வாயிலில் இல்லாமல் போன இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு விலை உயர்ந்த கருவி இல்லை. வெள்ளத்தன்று கிளை மேலாளர் குறிப்பிட்ட தொகை வரை தாமே முடிவு செய்யலாம் என்ற ஒரு பக்க உத்தரவுக்கும் பெரிதாகச் செலவில்லை.

முழுமையான பாதுகாப்பைத் தர முடியாது என்றால், எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்லிவிடுவதே நேர்மை. பிரிட்டன் நிறுவனங்கள் 2025 மார்ச் 31-க்குள் செய்து முடிக்க வேண்டியிருந்ததன் மையம் இதுதான்: தங்கள் முக்கியச் சேவைகள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றால் வாடிக்கையாளருக்குத் தாங்க முடியாத கேடு வரும் என்ற வரம்பைக் குறித்து, கடுமையான சூழலிலும் அந்த வரம்புக்குள் மீள முடியும் என்று காட்ட வேண்டும். முடக்கம் வரும் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்கும் அணுகுமுறை இது. அந்த வரம்புகள் ஒழுங்காற்று அமைப்புக்கும் நிறுவனத்துக்கும் நடுவிலான கோப்புகளாகவே இருந்துவிடக்கூடாது. எத்தனை விழுக்காடு கிளைம்களைத் தீர்த்தார்கள் என்ற விவரம் நம் நாட்டில் நிறுவனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. பாலிசி எடுப்பவர்கள் அதைப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று வரிகள் வேண்டும்: கடந்த ஆண்டு கிளைம் சேவை எத்தனை மணி நேரம் நின்றது, முழு முடக்கம் நேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் அதைத் திரும்பத் தருவதாக நிறுவனம் உறுதி சொல்கிறது, அந்த உறுதியைக் கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தது. பாலிசிப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே, காப்பீட்டுத் தொகைக்குக் கீழே, தமிழில், அச்சிட்டுத் தரலாம்.